கணப்படுப்பின் கனத்தை எந்தத் தரை தாங்கும்?

2014 ஆகஸ்ட் 24, அதிகாலை 3.20 மணி. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், திராட்சைத் தோட்டங்களுக்குப் பெயர்பெற்ற நாபா பகுதியை 6.0 அளவு நிலநடுக்கம் உலுக்கியது. ஊர் உறங்கிக்கொண்டிருந்த நேரம். ஒரு வீட்டில் கணப்படுப்பின் செங்கற்கள் சரிந்து விழுந்ததில் 13 வயதுச் சிறுவன் பலத்த காயமடைந்து, கவலைக்கிடமான நிலையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டான். அந்த வீடு இடிந்து விழவில்லை. அதற்குள் இருந்த கனமான ஒரு பகுதி மட்டும் விழுந்தது.

இப்படி நடந்தது அதுவே முதல்முறை அல்ல. 2010 செப்டம்பர் 4 அன்று நியூசிலாந்தின் கேன்டர்பரி பகுதியில் ஏற்பட்ட 7.1 அளவு நிலநடுக்கத்தில் கிறைஸ்ட்சர்ச் நகரத்து வீடுகளின் புகைபோக்கிகள் ஆயிரக்கணக்கில் உடைந்தன. பல, கூரையைப் பிளந்துகொண்டு அறைகளுக்குள் இறங்கின. 2001 பிப்ரவரி 28 அன்று அமெரிக்காவின் சியாட்டில் பகுதியிலும் இதே கதைதான். மரச்சட்டங்களால் ஆன வீடுகள் ஆடி அசைந்து தாக்குப்பிடித்தன. அவற்றோடு ஒட்டி நின்ற, கம்பி இல்லாத செங்கல் கட்டுமானங்கள் தாக்குப்பிடிக்கவில்லை.

நிலநடுக்கம் ஒரு பலவீனத்தை ஒரே நொடியில் அம்பலமாக்குகிறது. நிலம் அசையாத ஊர்களில் அதே பலவீனம் மெல்ல வேலை செய்கிறது. தரை வளைகிறது, சுவரில் விரிசல் ஓடுகிறது, பளிங்கு முகப்பு சுவரைவிட்டு விலகுகிறது.

ஃபயர்பிளேஸ் என்று பரவலாக அழைக்கப்படும் கணப்படுப்பு, இன்று சோபாவோடும் அலமாரியோடும் ஒரே கடையில் விற்கப்படும் பொருளாகிவிட்டது. வாங்குபவர் கல்லின் நிறத்தையும் வேலைப்பாட்டையும் பார்க்கிறார், எடையைக் கேட்பதில்லை. இந்தப் போக்கு மாற வேண்டும். கனமான கணப்படுப்பு வீட்டுச் சாமான் அல்ல, வீட்டுக் கட்டுமானத்தின் ஓர் உறுப்பு. அதன் எடையை எது தாங்குகிறது, அது சாயாமல் எது பிடிக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் எழுத்தில் விடை கிடைக்கும்வரை ஒரு செங்கல்கூட வைக்கப்படக் கூடாது.

எடையைக் கணக்கிடுவோம்

ஒன்றரை மீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் ஆழம், 2.4 மீட்டர் உயரம் கொண்ட ஒரு சாதாரணச் செங்கல் கணப்படுப்பை எடுத்துக்கொள்ளலாம். அதன் மொத்தக் கன அளவு 2.16 கன மீட்டர். தீ எரியும் குழியும் புகைவழியும் சேர்ந்து பாதி இடம் காலி என்று தாராளமாகவே கழித்துவிடலாம். எஞ்சுவது 1.08 கன மீட்டர் செங்கல் கட்டு. ஒரு கன மீட்டர் செங்கல் கட்டின் எடை சுமார் 1,900 கிலோ. ஆக, இந்த அடுப்பு இரண்டு டன்னுக்கு மேல். இதில் கூரைக்கு மேலே போகும் புகைபோக்கி சேரவில்லை.

இந்த எடை முழுவதும் 0.9 சதுர மீட்டர் இடத்தில் இறங்குகிறது. அதாவது ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 2,280 கிலோ. இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 875, குடியிருப்பு அறைகளில் ஆட்களுக்கும் பொருட்களுக்குமாகச் சேர்த்து வைக்கும் கணக்கு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. அமெரிக்காவில் வரவேற்பறைக்கான கணக்கும் கிட்டத்தட்ட அதே அளவு. பிரிட்டனில் வீடுகளுக்கு 150 கிலோ அளவில் வைக்கிறார்கள். அறைக்காகத் திட்டமிட்ட சுமையைப் போலப் பதினோரு மடங்கு ஒரே மூலையில் வந்து அமர்கிறது. ஆட்கள் வருவார்கள், போவார்கள். இந்தச் சுமை இரவும் பகலும் அங்கேயே இருக்கும்.

அடுப்பே இல்லாமல் வெறும் முகப்பு மட்டும் வைத்தாலும் எடை சிறியதல்ல. பளிங்கு ஒரு கன மீட்டர் 2,700 கிலோ. ஒன்றரை மீட்டர் நீளம், 25 சென்டிமீட்டர் அகலம், எட்டு சென்டிமீட்டர் கனம் கொண்ட ஒரு மேல்பலகை 80 கிலோவைத் தாண்டும். வளர்ந்த மனிதர் ஒருவரின் எடை, தவழும் குழந்தையின் தலைக்கு ஒரு மீட்டருக்கு மேலே நிற்கிறது. ஃபின்லாந்தில் சோப்புக்கல்லால் செய்யப்படும், வெப்பத்தைச் சேமித்துவைத்து மெல்ல வெளியிடும் அடுப்புகளில் ஒரு டன்னைத் தாண்டும் வகைகள் சாதாரணம். அந்நாட்டினர் அவற்றுக்கெனத் தனி அடித்தளம் போட்ட பிறகே கல்லை அடுக்குகிறார்கள்.

தரைக்குத் தரை விடை வேறு

மண்ணின் மீது நேரடியாகப் போட்ட கான்கிரீட் தளம்தான் இருப்பதிலேயே வசதியானது. ஆனால் அங்கும் ஒரு பிழை நடக்கிறது. வீட்டுக்குள் போடும் தரைக் கான்கிரீட் பெரும்பாலும் நான்கு அங்குலக் கனம்தான். நடப்பதற்கும் கட்டில் போடுவதற்கும் அது போதும். இரண்டு டன்னை ஒரே இடத்தில் வைத்தால் அது வெடிக்கலாம், அடியில் மண் அமுங்கலாம். அமெரிக்கக் குடியிருப்புக் கட்டட விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது. செங்கல் கணப்படுப்புக்கும் புகைபோக்கிக்கும் தனிக் கடைக்கால் வேண்டும்; அதன் கனம் குறைந்தது 12 அங்குலம்; அடுப்பின் எல்லாப் பக்கங்களிலும் ஆறு அங்குலம் வெளியே நீண்டிருக்க வேண்டும்; அது தோண்டிக் கலைக்காத இயற்கை மண்ணிலோ முறைப்படி இறுக்கிய மண்ணிலோ உட்கார வேண்டும். வீட்டின் கடைக்காலும் அடுப்பின் கடைக்காலும் வெவ்வேறு அளவில் இறங்கினால், இரண்டுக்கும் இடையிலுள்ள புகைவழி விரிசல் விடும். அதன் வழியே புகையும் தீப்பொறியும் சுவருக்குள் நுழையும். கடைக்காலில் தொடங்கிய குறை, தீ விபத்தாக முடியக்கூடும்.

மரத்தளம் முற்றிலும் வேறு. கீழே குறுக்குச் சட்டங்கள், மேலே பலகை என்ற அமைப்பில் எடை இரண்டு மூன்று சட்டங்களின் மீது மட்டும் விழுந்தால் அவை மட்டும் வளையும். மரம் உடனே வளைவதோடு நிற்காது. நிலையான சுமையின் கீழ் ஆண்டுகள் செல்லச் செல்ல மேலும் தொய்ந்துகொண்டே போகும். அடுப்பைச் சட்டங்களுக்குக் குறுக்காக வைத்து எடையைப் பல சட்டங்களுக்குப் பகிர்வது, சட்டங்களை இரட்டிப்பாக்குவது, இடையே கட்டைகள் அடித்து இறுக்குவது, எடை தாங்கும் சுவரை ஒட்டி வைப்பது ஆகியவை நடுத்தர எடைக்கு உதவும். டன் கணக்கில் எடை இருந்தால் வழி ஒன்றுதான்: தளத்தை வெட்டி, மண்ணிலிருந்தே ஒரு செங்கல் அல்லது கான்கிரீட் தூண் எழுப்பி, அடுப்பை அதன்மீது நிறுத்த வேண்டும். அப்போது மரத்தளம் அடுப்பைச் சுமக்காது. அதைச் சுற்றி விலகி நிற்கும்.

கம்பி கட்டிய கான்கிரீட் மேல்தளத்தைப் பற்றி நம் ஊரில் ஒரு குருட்டு நம்பிக்கை உண்டு. கான்கிரீட் என்றால் எதையும் தாங்கும் என்று மேஸ்திரியும் சொல்கிறார், வீட்டுக்காரரும் நம்புகிறார். வீடுகளில் ஐந்து, ஆறு அங்குலக் கனத்தில் போடப்படும் தளம், சதுர மீட்டருக்கு 200 கிலோ என்ற கணக்கில்தான் கம்பி கட்டப்பட்டது. நடுத்தளத்தில் இரண்டு டன் வைத்தால், அது தாங்கிக்கொண்டிருப்பது பாதுகாப்புக்காக ஒதுக்கிய கூடுதல் வலுவைத் தின்றுகொண்டுதான். பீமுக்கு நேர் மேலே, தூணுக்கு அருகில் வைத்தால் நிலைமை மேம்படும். அதையும் பழைய கம்பி வரைபடத்தைப் பார்த்துப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும். அடுக்குமாடிகளில் எஃகு வடங்களை இழுத்துப் பூட்டி அமைக்கும் போஸ்ட் டென்ஷன் தளங்களும் இருக்கின்றன. அவற்றில் ஆங்கர் போல்ட்டுக்காகக் கண்ணை மூடிக்கொண்டு துளையிட்டால், இழுவிசையில் நிற்கும் வடம் அறுபடலாம். துளை போடுபவரின் உயிருக்கும் அது ஆபத்து, தளத்துக்கும் ஆபத்து.

லேமினேட், வினைல், மரப்பலகை போன்ற மேல்தரைகள் இன்னொரு வகை. இவற்றில் பல, அடித்தளத்தோடு ஒட்டப்படாமல் மிதந்தபடி கிடப்பவை; ஈரத்துக்கும் வெயிலுக்கும் ஏற்ப விரியவும் சுருங்கவும் வேண்டியவை. அவற்றின் மேல் கனமான அடுப்பை வைத்தால் பலகைகள் நகர முடியாமல் உப்பிப் பிளக்கும். அடுப்பும் மட்டம் தவறும். அடுப்பு நிற்கும் இடத்தில் மேல்தரையை வெட்டி எடுத்துவிட்டு, அடியிலுள்ள உறுதியான தளத்தில் நேரடியாக நிறுத்த வேண்டும். எந்தத் தரையானாலும் ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் கல்லை ஏற்றக் கூடாது.

தாங்குவது வேறு, பிடிப்பது வேறு

அடித்தளம் சரியாக இருந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது அடுத்த பிழை. கீழ்நோக்கிய எடையைத் தளம் பார்த்துக்கொள்ளும். பக்கவாட்டில் சாய்வதையும் முன்பக்கம் கவிழ்வதையும் தடுப்பது பிணைப்பு. உயரமாகவும் ஆழம் குறைவாகவும் இருக்கும் கல்முகப்புகள் தம் எடையாலேயே நிற்கும் என்ற எண்ணத்தில், சுவர்ப்பூச்சோடு பசை தடவி ஒட்டப்படுகின்றன. பசை கல்லைப் பிடிக்கிறது, சரி. சுவர்ப்பூச்சைச் செங்கல்லோடு எது பிடிக்கிறது? பூச்சு உரிந்து வரும்போது கல்லும் சேர்ந்தே வரும். ஜிப்சம் பலகைச் சுவரில் ஆபத்து இன்னும் கூடுதல். பின்னால் இருக்கும் சட்டத்தில் திருகு இறங்காவிட்டால் அந்தப் பிணைப்புக்கு மதிப்பே இல்லை.

பசையை மட்டும் நம்புவதன் விலையை 2006 ஜூலை 10 அன்று பாஸ்டன் நகரம் கண்டது. சுரங்கச் சாலை ஒன்றின் கூரையில் தொங்கவிடப்பட்டிருந்த சுமார் 26 டன் கான்கிரீட் பலகைகளும் அவற்றைத் தாங்கிய இரும்புப் பகுதிகளும் ஒரு கார் மீது விழுந்தன. காரில் இருந்த பெண் உயிரிழந்தார். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்துக் கண்டறிந்த காரணம்: போல்ட்டுகளைக் கான்கிரீட்டில் பிடித்துவைத்த எபாக்சி பசை, நீண்டகாலச் சுமையின் கீழ் மெல்ல நெகிழ்ந்து இழுபடும் வகையைச் சேர்ந்தது. பொருத்திய அன்று உறுதியாக இருந்த போல்ட், ஆண்டுகள் கழித்துக் கழன்று வந்தது. அங்கே தீயோ வெப்பமோ இல்லை. கணப்படுப்பிலோ வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. சூடு ஏறினால் எபாக்சி இளகும். தீக்குழிக்கு அருகில், கல்லைத் தூக்கி நிறுத்தும் பொறுப்பைப் பசையிடம் மட்டும் விடுவது ஏற்கத்தக்கதல்ல.

சுவருக்கேற்ற பிணைப்பு இருக்கிறது. உறுதியான கான்கிரீட்டில் விரிந்து பிடிக்கும் ஆங்கர் போல்ட் நன்றாக வேலை செய்யும். அதையே பழைய செங்கல்லின் ஓரத்தில் முடுக்கினால் செங்கல் பிளந்துவிடும். உள்ளே துளையுள்ள கட்டைகளுக்குச் சல்லடைக் குழாயோடு கூடிய தனி வகைப் பிணைப்பு வேண்டும். மரச்சுவரில் சட்டத்துக்குள்ளேயே போல்ட் இறங்க வேண்டும். கல் துண்டுகள் ஒவ்வொன்றும் துருப்பிடிக்காத எஃகுக் கொக்கியாலோ ஊசியாலோ பின்சுவரோடு கட்டப்பட வேண்டும். மூட்டுகளை நிரப்பும் சுண்ணக் கலவையின் வேலை இடைவெளியை அடைப்பது மட்டும்தான்.

நிலநடுக்க ஆபத்து அதிகமுள்ள பகுதிகளுக்கு அமெரிக்க விதி இன்னும் ஒரு படி மேலே போகிறது. புகைபோக்கிக்குள் நெடுக்குவாட்டில் கம்பிகள் வேண்டும். ஒவ்வொரு தளத்திலும் கூரையிலும் எஃகுப் பட்டைகள் செங்கல் கட்டுக்குள் 12 அங்குலம் புதைந்து, கம்பிகளைச் சுற்றி வளைந்து, மறுமுனையில் குறைந்தது நான்கு குறுக்குச் சட்டங்களோடு போல்ட் போட்டு இறுக்கப்பட வேண்டும். நாபாவிலும் கிறைஸ்ட்சர்ச்சிலும் சரிந்த பழைய கட்டுமானங்களில் பலவற்றுக்கு இத்தகைய பிணைப்பு இருந்ததில்லை.

மரமும் தீயும் சந்திக்கும் இடம்

எடையைத் தாங்கும் ஏற்பாடே தீக்கு விறகாகிவிடக் கூடாது. இந்தச் சிக்கலைப் பழைய பிரிட்டன் வீடுகளின் தச்சர்களும் கொத்தனார்களும் சேர்ந்தே தீர்த்தார்கள். மாடியில் கணப்படுப்பு வரும் இடத்தில் தரைச் சட்டங்களை அடுப்புக்கு முன்பே நிறுத்தி, குறுக்கே ஒரு தடித்த சட்டம் கொடுத்தார்கள். அடுப்புச் சுவரிலிருந்து அந்தச் சட்டம்வரை செங்கல்லால் ஒரு சிறு வளைவு கட்டி, அதன்மேல் கல்பலகையைப் பரப்பினார்கள். எரியும் விறகின் கீழே மரமே இல்லை.

இன்றைய விதிகளும் அதே நோக்கில் எழுதப்பட்டவை. பிரிட்டனில் கணப்படுப்பின் அடித்தட்டு குறைந்தது 125 மில்லிமீட்டர் கனத்தில், எரியாத பொருளால் ஆனதாக இருக்க வேண்டும். அடுப்புக்கு முன்னால் 500 மில்லிமீட்டர் நீள வேண்டும். அமெரிக்க விதிப்படி செங்கல் கணப்படுப்பின் முன்பக்கத்துக்கும் பக்கவாட்டுக்கும் மரச்சட்டங்களுக்கும் இடையே இரண்டு அங்குலமும், பின்பக்கத்தில் நான்கு அங்குலமும் காற்றிடைவெளி வேண்டும். அடித்தட்டுக்குக் கான்கிரீட் போடும்போது அடியில் கொடுத்த சென்ட்ரிங் பலகையை வேலை முடிந்ததும் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். இந்தக் கடைசி விதியை மீறுவது எளிது. பலகை கண்ணுக்குத் தெரியாது, எடுப்பதும் சிரமம். ஆனால் ஆண்டுக்கணக்கில் சூடேறிக் காய்ந்த மரம், புதிய மரத்தைவிடக் குறைந்த வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளும். பத்துக் குளிர்காலம் எதுவும் நடக்கவில்லை என்பது, பதினோராவதுக்கு உத்தரவாதம் ஆகாது.

லண்டன் முதல் நீலகிரி வரை

தமிழர்களுக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. லண்டனின் ஈஸ்ட்ஹாம் போன்ற பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்வது, நூறாண்டு கடந்த வரிசை வீடுகளில். கீழ்த்தளத்துக் கணப்படுப்புச் சுவரை இடித்தால் அறை பெரிதாகும் என்று பலருக்கும் ஆசை வருகிறது. கீழே இருப்பதை எடுத்துவிட்டால், மாடியிலும் பரணிலும் கூரைக்கு மேலும் நிற்கும் செங்கல் கட்டு, ஒரு டன்னுக்கு மேற்பட்ட எடையோடு அந்தரத்தில் நிற்கும். சுவரில் முக்கோண இரும்புத் தாங்கி அடித்துச் சமாளித்துவிடலாம் என்று சொல்லும் ஒப்பந்தக்காரர்கள் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரும் தன் பக்கத்தை இடித்திருந்தால் அந்தத் தாங்கிக்குப் பின்னால் எதிரெடையே இருக்காது. அதனால்தான் பல உள்ளாட்சிகள் அதை ஏற்பதில்லை. இரும்பு உத்தரம் போட்டு, இரு பக்கச் சுவர்களில் எடையை இறக்குவதே முறை. கட்டட விதிகளின் கீழ் ஒப்புதல் கட்டாயம். பொதுச்சுவர் என்றால் 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி அண்டை வீட்டாருக்கு முன்னறிவிப்பும் தர வேண்டும். ஒப்புதல் இல்லாமல் இடித்த வீடு, விற்கும் நாளில் ஆவணச் சிக்கலாகவும் திரும்பி வரும்.

தமிழ்நாட்டில் கணப்படுப்பு, ஆங்கிலேயர்களோடு மலையேறியது. 1820-களில் ஜான் சல்லிவன் உதகையில் வீடு கட்டத் தொடங்கியபோதும், 1845 முதல் அமெரிக்கப் பாதிரியார்கள் கொடைக்கானலில் குடியேறியபோதும், உறைபனிக் குளிருக்கு அது தேவையாக இருந்தது. அந்தக் கால பங்களாக்களில் கணப்படுப்பு கனத்த சுவரோடு சேர்த்தே கட்டப்பட்டது. மண்ணிலிருந்து எழுந்த சுவர் அதைத் தாங்கியது. இன்றோ சுற்றுலா விடுதிகளில் கணப்படுப்பு ஒரு விளம்பர அம்சம். சரிவில் தூண்கள் மேல் நிற்கும் கட்டடத்துக்கும் மரக்குடிலுக்கும் மேல்மாடி அறைக்கும் அதைக் கேட்கிறார்கள்.

மலைச்சரிவில் மனை சமப்படுத்தும்போது, ஒரு பக்கம் மண்ணை வெட்டி மறுபக்கம் கொட்டி நிரவுவார்கள். வெட்டிய பக்கம் கெட்டி நிலம். கொட்டிய பக்கம் பல மழைக்காலங்களுக்குப் பிறகும் அமுங்கிக்கொண்டே இருக்கும். காட்சி நன்றாக இருக்கிறது என்று பள்ளத்தாக்கைப் பார்த்த பக்கம், அதாவது கொட்டிய மண்ணின் மீது, இரண்டு டன் அடுப்பைக் கட்டினால் அது சரியத் தொடங்குவதற்கு நிலநடுக்கம்கூடத் தேவையில்லை. நிலநடுக்கமும் இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர் பகுதியை மையமாகக் கொண்டு 6 அளவில் ஒன்று ஏற்பட்டதைத் தென்னிந்தியாவின் பெரும்பகுதி உணர்ந்தது.

செலவு கூடும் என்ற மறுப்பு வரும். கூடத்தான் செய்யும். ஆனால் கனமான கணப்படுப்பு எல்லா இடத்துக்கும் தேவையில்லை. மேல்மாடிகளுக்கும் மரக்குடில்களுக்கும் 100 முதல் 200 கிலோவுக்குள் அடங்கும் வார்ப்பிரும்பு விறகடுப்பும், இரட்டைச் சுவர் கொண்ட உலோகப் புகைக்குழாயும் போதும். கல்லின் தோற்றம்தான் வேண்டுமென்றால் மெல்லிய கல்வில்லைகளை உலோகச் சட்டத்தில் பொருத்தலாம். எடை குறைந்தால் தளமும் பிழைக்கும், பிணைப்பும் எளிதாகும்.

அரசு செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. மலைப்பகுதிக் கட்டடங்களுக்குத் தனி அனுமதி நடைமுறை ஏற்கெனவே இருக்கிறது. கணப்படுப்பு உள்ள கட்டடம் என்றால், அதன் எடை, நிற்கும் தளத்தின் வகை, கடைக்கால், பிணைப்பு, மரத்திலிருந்து இடைவெளி ஆகிய ஐந்தையும் வரைபடத்தில் காட்டி, கட்டமைப்புப் பொறியாளர் கையொப்பமிட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். விடுதிகளுக்கு உரிமம் புதுப்பிக்கும்போது, ஏற்கெனவே கட்டிய அடுப்புகளையும் ஒருமுறை சோதிக்க வேண்டும். அங்கே தங்கும் விருந்தினருக்குச் சுவரின் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிய வழியில்லை. அவர்கள் சார்பில் அதைப் பார்ப்பது அரசின் பொறுப்பு.

வீட்டுக்காரர்கள் அரசுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அடுப்புக்கு முன்பணம் கொடுக்கும் முன் கடைக்காரரிடம் எடையை எழுதி வாங்குங்கள். அந்தத் தாளோடு உங்கள் தரையைப் பொறியாளரிடம் காட்டுங்கள். வேலை நடக்கும் நாளில் அருகில் இருந்து, ஒவ்வொரு கல்லும் எந்த இரும்பால் எந்தச் சுவரோடு பிணைக்கப்படுகிறது என்று கேளுங்கள். பூச்சு பூசி மறைக்கும் முன் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே அடுப்பு இருக்கும் வீட்டில் முகப்புக்கும் சுவருக்கும் இடையே இடைவெளி தெரிந்தாலோ, முன்தரை தாழ்ந்திருந்தாலோ, இந்தக் குளிர்காலத்தில் தீ மூட்டுவதற்கு முன் பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள்.